கிணற்றுக்குள் இறங்காமல் ஊருக்கு என்ன செய்யலாம்? கம்பஸ் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கம்பஸ் பிள்ளைகள் சிரமதானம், இரத்ததானம் என்று வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சில நேரம் குறுக்கேயும் நின்றிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, சமூக சேவை பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்றேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு நீளமாகச் சொல்கிறேன், தெரியாததற்கு ஆளைக் காட்டிவிடுகிறேன்.

விஞ்ஞான பீடம், இரண்டாம் வருடம்: ஐயா, வருகிற ஞாயிறு குருநகர்ப் பக்கம் டெங்குச் சிரமதானம் செய்யப் போகிறோம். 60 பேர் வருகிறோம். என்னென்ன கொண்டுவர வேண்டும்?

முதலில் 60 பேரைக் குறையுங்கள் தம்பி. ஒரு வளவுக்குள் பத்துப் பேர் நுழைந்தால் வீட்டுக்காரி பயப்படுவா. மூன்று பேர் போதும், அதில் ஒரு பெண்பிள்ளை கட்டாயம். போவதற்கு முதல் அந்தப் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் சொல்லுங்கள். எந்த ஒழுங்கையில் காய்ச்சல்காரர் இருக்கிறார்கள் என்று பரிசோதகருக்குத் தெரியும். விதானையாருக்கும், அதாவது கிராம அலுவலருக்கும், ஒரு சொல்.

சாமான் என்று கேட்டால், மண்வெட்டியை விடத் தேய்க்கிற பிரஷ் முக்கியம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் விடுவதில்லை, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடுகிறது. நீங்கள் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போவீர்கள். முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் இருக்கும். அடுத்த மழைக்கு அதே வாளியில் புழு. ஆகவே ஊற்றிய பிறகு உட்புறத்தைத் தேய்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர் எல்லோருக்கும் தெரியும். கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, சாமி அறையில் பூ வைத்த செம்பு, இவற்றை யாரும் பார்ப்பதில்லை. குருநகர் என்பதால் இன்னொன்று: கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள். உவர்த் தண்ணீரில் நுளம்பு வராது என்று அங்கே சொல்வார்கள், நம்பாதீர்கள். யாழ்ப்பாணக் கரையோரத்தில் உப்புக் கலந்த தண்ணீரிலும் இது பெருகுவதை எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்கெடுத்த ஆய்வே காட்டியிருக்கிறது.

கடைசியாக, முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். இந்த ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறும் அதே ஒழுங்கைக்குப் போக வேண்டும். போக முடியாதென்றால் ஒழுங்கையைச் சிறிதாக்குங்கள்.

முகாமைத்துவ பீடம், முதலாம் வருடம்: இப்படி வந்தால் சான்றிதழ் கிடைக்குமா?

நான் தருவதில்லை. ஒழுங்கு செய்கிற சங்கத்தைக் கேளுங்கள் பிள்ளை. வேலை தேடும்போது அது உதவும் என்பதை மறுக்கவில்லை, கேட்பதில் வெட்கமும் இல்லை.

பொறியியல் பீடம், கிளிநொச்சி: வெள்ளத்துக்குப் பிறகு ஊர்க் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எங்களிடம் இறைப்பு மெசின் இரண்டு இருக்கிறது.

இதற்குத்தான் காத்திருந்தேன். யாரும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். மெசினையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்.

தண்ணீர் ஆழத்தில் இருந்தால் மெசின் இழுக்காது. உடனே ஒருவன் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, பாதியில் கல்லில் வைத்து ஓட்டுவான். மண்ணெண்ணெய்ப் புகையில் இருக்கிற காபன்மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. மெசின் நின்றதும் பார்க்க ஒருவன் இறங்குவான், விழுவான். அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குவான். மெசினே இல்லாத பாழ்கிணற்றிலும் ஒட்சிசன் குறைந்திருக்கலாம். மெழுகுதிரி இறக்கிப் பார்த்தோம், எரிந்தது என்று சொல்வார்கள். காபன்மொனொக்சைட்டை மெழுகுதிரி காட்டாது.

அடுத்தது, வெள்ளம் வடிந்த கையோடு அடிவரை இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிப்போய் நிற்கும்; உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் கட்டு இடிந்து விழலாம். கடலோரக் கிணறென்றால் அளவுக்கு மிஞ்சி இறைக்கக் கீழிருக்கிற உப்புத் தண்ணீர் மேலே வரும். யாழ்ப்பாணம் ஆறில்லாத ஊர். வழுக்கையாறும் மழைக்கு மட்டும்தான் ஓடுகிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் எங்கள் சொத்து.

சரி, என்ன செய்யலாம்? மேலே நின்று குப்பையை வாளியால் அள்ளுங்கள், கலங்கல் தெளிய விடுங்கள், பிறகு குளோரின். கணக்கு உங்களுக்குச் சுலபம். கிணற்றின் விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். சாதாரண காலத்தில் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல வெளிற்றும் தூள், ஆக 35 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு இது போதாது. எவ்வளவு கூட்டுவது என்பதை அந்தப் பகுதிப் பரிசோதகர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

தூளை அப்படியே கிணற்றுக்குள் கொட்டாதீர்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. எங்கள் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற சுண்ணாம்பு போதும், கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். குறைந்தது அரை மணி நேரம் யாரும் அள்ளக் கூடாது. குளோரின் மணக்கிறது என்று சனம் முறைப்படும். அதற்கு ஒருவர் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான்.

கலைப்பீடம், மூன்றாம் வருடம்: சமூக சேவை என்பதே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த பழக்கம், உண்மையான போராட்டத்திலிருந்து மாணவரைத் திசைதிருப்புகிறது என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து?

உங்கள் நண்பரை 1924க்குப் போகச் சொல்லுங்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கிய வருடம் அது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் என்று நின்றவர்கள். 1927 கார்த்திகையில் காந்தியை இங்கே அழைத்தவர்களும் அவர்களே. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் அவர்களே. அது சேவையா, போராட்டமா? ஒரே பந்தியில் இலை போடுவதற்கு அன்றைக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

சிரமதானம் என்ற சொல்லை நாடு முழுக்கப் பரப்பிய சர்வோதயமும் 1958இல் கொழும்பில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஏ.ரி. ஆரியரத்ன, தன் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில் தொடங்கியதுதான். அறிக்கை எழுதுகிற பழக்கம் வேண்டுமானால் தொண்டு நிறுவனங்கள் தந்ததாக இருக்கலாம்.

பொறியியல் மாணவர்: உயர்தரப் பிள்ளைகளுக்கு முன்னோடிப் பரீட்சை, அதாவது மாதிரிப் பரீட்சை, நடத்துவதுதான் கம்பஸ் மாணவர் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை என்பேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் ஒரு மாவட்டத்துக்கு ஒதுக்கிய கதிரை ஒதுக்கியதுதான். நீங்கள் பத்துப் பரீட்சை வைத்தாலும் அந்தக் கதிரை கூடாது, அதில் யார் குந்துவது என்பது மட்டும் மாறும்.

இதை எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் பெரிய சண்டை. வந்த வரிசையில் தருகிறேன்.

அதே மாணவர்: 40 வீதத்தை மறந்துவிட்டீர்கள் ஐயா. அதில் எங்கள் பிள்ளைகள் கூடுதலாக வரலாம்தானே. அதோடு, மல்லாவியில் இருக்கிற பிள்ளைக்கு யாழ்ப்பாண ரியூற்றரிக்கு வரக் காசில்லை. எங்கள் வினாத்தாள் அவளிடம் இலவசமாகப் போகிறது.

ரியூற்றரி ஆசிரியர் ஒருவர்: இலவசம் என்று வருகிறீர்கள், இரண்டு கிழமை கருத்தரங்கு வைத்துப் படம் எடுத்துப் போகிறீர்கள். மிச்சம் ஐம்பது கிழமையும் பாடம் எடுப்பது நாங்கள். எங்களைக் கொள்ளைக்காரர் என்று சொல்லவும் தயங்குவதில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஓர் ஆசிரியை: உங்கள் இருவருக்கும் என் வகுப்பைக் காட்ட வேண்டும். பதினோராம் ஆண்டில் 28 பேர். பின்னம் கூட்டத் தெரியாதவர்கள் 11 பேர். சாதாரண தரத்தில் கணிதம் விழுந்தால் அவர்களுக்கு உயர்தரம் எங்கே, உங்கள் முன்னோடிப் பரீட்சை எங்கே?

என் பதில்: தம்பி, 40 வீதக் கணக்கு சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். மல்லாவிப் பிள்ளையின் கதையும் சரி. ஆசிரியரே, உங்கள் கோபத்தில் பாதி நியாயம், மற்றப் பாதி வருமானம். அதைப் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் ஆசிரியை சொன்ன 11 பேரிடம் யாரும் போவதில்லை, ஏனென்றால் அங்கே போனால் பெறுபேற்று நாளில் போடுவதற்கு 'மூன்று ஏ' படம் கிடைக்காது.

ஒருமுறை ஒரு சனசமூக நிலையத்தில் கம்பஸ் பெடியன் ஒருவன் படிப்பித்துக்கொண்டிருந்தான், நான் கிணறு பார்க்கப் போயிருந்தேன். பலகையில் முக்காலும் அரையும் கூட்டச் சொன்னான். ஒரு பிள்ளை மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் கூட்டி, ஆறில் நான்கு என்று எழுதினாள். அவன் மூன்று தரம் விளக்கினான், அவள் மூன்று தரமும் தலையாட்டினாள். பிறகு ஏதோ தோன்றி, காணி அளவில் கேட்டான்: "அப்பாட்டை முக்கால் பரப்பு, மாமாட்டை அரைப் பரப்பு, சேர்த்தா எவ்வளவு?" "ஒண்டேகால் பரப்பு," என்றாள், அவனைப் பார்த்து இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அவன் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அந்த ஒரு பாடத்துக்கு அவன் ஏழாவது கிழமையாக வந்திருந்தான்.

அதே பொறியியல் மாணவர்: எங்களால் ஏழு கிழமை போக முடியாது ஐயா. செமஸ்டர் இருக்கிறது.

நான்கு பேர் மாறிமாறிப் போகலாம். கொப்பி ஒன்று வைத்து, யார் எதுவரை படிப்பித்தார் என்று எழுதிவிட்டு வாருங்கள். முன்னோடிப் பரீட்சையை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு வருகிற நூறு பேரில் இந்த நான்கு பேரைத் தாருங்கள்.

முல்லைத்தீவு ஆசிரியை: நான்கு பேரை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நல்லது. முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

விவசாய பீடம்: பனம் விதை நடுகை செய்கிறோம். எத்தனை வீதம் முளைக்கும்?

விதையை விட இடம்தான் பிரச்சினை. கன்றாக்கிப் பிடுங்கி நடாதீர்கள், முளை நேரே கீழே இறங்குகிற சாதி அது; விதையையே புதையுங்கள். தைக்குப் பிறகு ஒருக்கால் எட்டிப் பாருங்கள். ஒரு குளக்கட்டில் பெடியள் வரிசையாக நட்டது, மாசியில் போய்ப் பார்த்தால் வரிசையாகக் குழி. ஊர்ச் சனம் கிழங்கு கிண்டி அவித்துச் சாப்பிட்டுவிட்டது. நட்டது எதற்கென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மருத்துவ பீடத்துக்குப் புதிதாக வந்தவர்: இரத்ததான முகாம் வைக்க எந்த நாள் நல்லது?

உங்கள் சங்கத்தின் ஆண்டு நிறைவு நாள் நல்லதில்லை. எல்லாச் சங்கமும் ஒரே மாதத்தில் வைத்தால் வங்கி நிரம்பிவிடும், பிறகு வற்றிவிடும். செங்குழியங்களை ஐந்து ஆறு கிழமை வைத்திருக்கலாம், குருதிச் சிறுதட்டுகள் ஐந்தே நாள். போதனா வைத்தியசாலை இரத்த வங்கியிடம் எந்தக் கிழமை தட்டுப்பாடு என்று கேட்டு அன்றைக்கு வையுங்கள். 18 முதல் 60 வயது, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். 'எனக்கு இந்த மருந்து, நான் கொடுக்கலாமா' என்று கேட்ட ஒன்பது பேருக்கும்: முகாமில் இருக்கிற மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

சிங்கள மாணவர் சார்பில் ஒருவர்: தமிழ் தெரியாத நண்பர்கள் டெங்கு வேலைக்கு வரலாமா?

வரட்டும். தமிழ் பேசுகிற ஒருவரோடு சோடி சேருங்கள். வீட்டுக்காரர் தேத்தண்ணி தந்தால் குடிக்கச் சொல்லுங்கள்.

வேறொருவர்: சான்றிதழ்...

மேலே பாருங்கள்.

தொழில்நுட்ப பீடம்: போதைப்பொருள் விழிப்புணர்வு நடைபவனி?

என் துறை இல்லை. ஆனால் பதாகையைப் பார்த்துத் திருந்திய ஆளை நான் சந்தித்ததில்லை. மனநலப் பிரிவில் வேலை செய்கிற ஒருவரோடு முதலில் கதையுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது, உங்கள் துண்டுப்பிரசுரத்தில் அதைப் போடுங்கள்.

பொறியியல் பீடம், கிளிநொச்சி (மறுபடியும்): ஐயா, எங்களிடம் நல்ல ஏணியும் இடுப்புக் கயிறும் இருக்கிறது. ஒருவர் மட்டும் இறங்கினால்...

இறங்காதே தம்பி. கயிறு உன்னை மேலே எடுக்கும், மூச்சை எடுத்துத் தராது.

சான்றிதழ் பற்றி மூன்றாமவர்

இல்லை.

கலைப்பீடம்: நெடுந்தீவில் ஒருநாள் மருத்துவ முகாமும் சிரமதானமும். ஆலோசனை?

குறிகாட்டுவானில் படகு ஏறியதும் திரும்பி வருகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம், இடையில் உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். இரண்டு வேலையையும் வைக்காதீர்கள். முகாம் என்றால் பிரஷர் பார்த்த கையோடு, பிரஷர் கூடின ஆளை எங்கே அனுப்புவது என்று தீர்மானித்துத் துண்டு எழுதிக் கொடுங்கள். எங்களோடு ஒருதரம் வந்த பெடியள் அறுபது பேருக்குப் பிரஷர் பார்த்தார்கள். ஒரு கிழவிக்கு மிகவும் கூடவாக இருந்தது. "கூடத்தான் மோனே, போன வருசம் வந்த பிள்ளையளும் உதைத்தான் சொன்னதுகள்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையில் மூக்குக்கண்ணாடிக்குப் போய் நின்றா.