பான்கேக்கும் பழமும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிள்ளைகள் பான்கேக் கேட்கிறார்கள். காலையில் அவசரம் வேண்டாமென்று முதல் நாள் இரவே மைதா, முட்டை, பால், பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் ஊற்றினால் தட்டையாக, ரப்பர் மாதிரி இழுக்கிறது. மேலே அன்னாசிப்பழம் நறுக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு எல்லாம் ஊறிப்போகிறது. மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அவருக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சேர்க்கும் பொருட்களில் ஒரு குறையும் இல்லை. மிக்ஸியில் அடிப்பதும் இரவெல்லாம் வைப்பதும்தான் கெடுக்கின்றன. தோசை மாவு வைக்க வைக்கப் பொங்கும். ஆனால் பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், மீதியைத்தான் கல்லின் சூட்டுக்கு வைத்திருக்கும். விடிவதற்குள் அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடுகிறது. மிக்ஸியில் அடிக்கும்போது மைதாவிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் இழுபட்டு இறுகுகிறது. ரப்பர் வருவது அதனால்தான்.

இரவில் செய்ய வேண்டுமென்றால் உலர்ந்த மாவை மட்டும் கலந்து டப்பாவில் வையுங்கள்: ஒரு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. காலையில் முக்கால் கப் பால், ஒரு முட்டை, இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் மூன்றையும் தனியாக அடித்து, மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் கிடக்கும், கிடக்கட்டும். பத்து நிமிடம் விட்டால் அவையே ஊறிக் கரைந்துவிடும்.

கல் மிதமான சூட்டுக்கும் சற்றுக் கீழே இருக்கட்டும். மாவைப் பரப்பவே கூடாது. ஒரு சின்னக் கரண்டி ஊற்றினால் அதுவே வட்டமாகும். மேலே குமிழ் வந்து உடையும். முதலில் உடைந்த ஓட்டைகள் உடனே மூடிக்கொள்ளும். ஓரம் பளபளப்பு இழந்து, ஓட்டைகள் மூடாமல் அப்படியே நிற்கும்போது திருப்புங்கள். திருப்பியபின் தோசைக்கரண்டியால் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும்.

அன்னாசியைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்தால் தண்ணீர்ப் பிரச்சினையே இருக்காது. பொடியாக நறுக்கி, ஒரு கப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, துளி உப்பு சேர்த்து அகலமான வாணலியில் வையுங்கள். முதலில் அதுவே நிறையத் தண்ணீர் விடும். தீயைக் கூட்டி அதை வற்றவிடுங்கள். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து, பாகு மெல்ல வந்து மூட வேண்டும். அப்போது இறக்கிவிட்டால் ஆறும்போது இன்னும் கெட்டியாகும். மாம்பழக் காலத்தில் இந்தச் சிரமமும் வேண்டாம். பங்கனப்பள்ளியைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டால் போதும், மாம்பழத்தை அடுப்பில் ஏற்றுவது எனக்குப் பாவமாகவே படும். எந்தப் பழமானாலும் தனிக் கிண்ணத்தில் மேசைக்கு வரட்டும். அவரவர் சாப்பிடும் நேரத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து நீங்கள் அடுப்படியில் நின்று கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடாதீர்கள். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மூடினால் வேர்த்துவிடும். அகலத் தட்டில் துணி விரித்துத் தனித்தனியாகப் பரப்பி, மேலே லேசான துணி போடுங்கள். நான்கு பேருக்குச் சுட்டு முடிக்கும்வரை வெதுவெதுப்பு இருக்கும். எல்லோரும் சேர்ந்து உட்காரலாம்.

மாமியாருக்கான மாவில் முட்டையும் பாலும் சேர்க்க வேண்டாம். அதே அளவில் உலர்ந்த மாவைத் தனியாகக் கலந்து, பேக்கிங் பவுடரை மட்டும் ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேருங்கள். கெட்டியான புளித்த மோர் ஒரு கப் ஊற்றிக் கலந்து, வெண்ணெயும் விடுங்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தே மாவை உப்பவைத்துவிடும், முட்டை இல்லாத குறை தெரியாது. இந்த மாவைக் காத்திருக்க வைக்காமல் உடனே ஊற்றிவிடுங்கள். அவருடையதை முதலில் சுட்டுவிட்டால் கல்லையும் கரண்டியையும் மாற்ற வேண்டியிருக்காது.

அன்புடன்,
அக்கா