பல்லை ஆட வைப்பது மெசின் இல்லை

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு வருடமாகச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறேன். கொஞ்சக் காலமாகப் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருவதால் பிரஷ்ஷை விட்டுவிட்டு, அம்மா செய்ததுபோல உமிக்கரியும் உப்பும் கலந்து விரலால் தேய்க்கிறேன். அம்மா 80 வயதிலும் எல்லாப் பல்லோடும் இருந்தவர். இரண்டு தடவை பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டேன். குறைந்தது, பிறகு திரும்பவும் வந்துவிட்டது. மெசினால் பல் கிளீன் பண்ணிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதன் பிறகு பல்லெல்லாம் ஆடுகிறது. மெசின் எனாமலைச் சுரண்டிவிடும் என்று யூரியூப்பிலும் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் மகள் பவுடரும் தண்ணீரும் பீச்சியடிக்கும் புது முறையில் கிளீன் பண்ணினவளாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொழும்புக்குக் கூட்டிப்போய் அதைச் செய்விக்கிறேன் என்கிறாள். அதுவரை பொறுக்கலாமா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால்தான் பல்லில் காரை பிடிக்கிறதா? வாய் நாற்றமும் உண்டு. இப்போது முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அது வயதால்தானே?
(வாசகி, கோப்பாய்)

பதில்:

கடைசியாக எழுதிய வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா. இத்தனை வருடம் நெருக்கமாக நின்ற முன்பற்களுக்கு நடுவே 54 வயதில் புதிதாக இடைவெளி விழுந்தால் அதை வயதின் தலையில் கட்டிவிட முடியாது. பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளே கரைந்துகொண்டு போகிறது என்பதற்கு வெளியில் தெரியும் அடையாளம் அது. திருவிழா வரைக்கும் பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒரு பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்கள்தான் அதை எலும்பில் கட்டி வைத்திருக்கின்றன. நாக்கு உள்ளிருந்து தள்ளும், உதடு வெளியிலிருந்து தள்ளும், கடிக்கும்போது கீழ்ப்பல் வந்து மேற்பல்லை முட்டும். எலும்பு போதியளவு இருக்கும்வரை இந்தத் தள்ளுதல் பல்லை ஒன்றும் செய்யாது. எலும்பு குறைந்துவிட்டால் அதே தள்ளுதலுக்கு முன்பல் இடம் கொடுத்துவிடும். வெளிப்பக்கம் சாயும், விரியும், சில பேருக்குப் பக்கத்துப் பல்லைவிட நீண்டும் தெரியும். இத்தனைக்கும் வலி இருக்காது. சூத்தைப் பல் இரவில் நித்திரை கொள்ள விடாது, ஆட்கள் விடிந்ததும் ஓடி வருவார்கள். முரசு நோய் வருடக்கணக்காக நோகாமலே எலும்பைத் தின்னும். முதலில் இரத்தம், பிறகு நாற்றம், பிறகு இடைவெளி, கடைசியில் ஆட்டம். இவற்றில் முதல் மூன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. வாய் நாற்றத்துக்கு வேறு காரணம் தேடி அலைய வேண்டாம்.

உங்களுக்குச் சீனி வருத்தமும் இருப்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முரசு நோய் அதிகம் வரும், வந்தால் வேகமாகவும் முற்றும். மறுபக்கமும் உண்டு. முரசில் தொற்று இருக்கும்வரை சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டம். குளிசை ஒழுங்காக எடுத்தும் சீனி இறங்கவில்லை என்பவர்களின் வாயையும் ஒருக்காத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முரசை முறையாகச் சுத்தம் செய்தவர்களுக்குச் சில மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சிறிதளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, அக்காவின் பல்லுக்கு வருவோம். உங்களைப் பல் வைத்தியரிடம் போக விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். மெசின் அவருடைய பல்லை ஆட வைக்கவில்லை. எலும்பு முன்பே போய்விட்டது. பற்களுக்கிடையில் கல்லாக இறுகியிருந்த காரை ஒரு பல்லை மற்றப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய வேலியில் கதியால் அடியில் உக்கிப்போயிருந்தாலும் கிடுகும் கட்டும் பிடித்திருக்கும்வரை நிமிர்ந்துதான் நிற்கும். கிடுகை அவிழ்க்கும்போதுதான் அதன் நிலைமை தெரியும். ‘அப்படியானால் காரையை விட்டுவிடலாமே’ என்று கேட்பீர்கள். அந்தக் காரையின் மேல்தான் கிருமிகள் குடியிருந்து மிச்ச எலும்பையும் கரைக்கின்றன. அதை எடுத்தால் வீக்கம் வற்றி, கொஞ்சம் ஆடிய பல் இறுகுவதும் உண்டு. எலும்பு மிக மோசமாகப் போன பல் இறுகாது. அக்கா ஒரேயொரு கிளீனோடு பயந்து நிறுத்திவிட்டாரானால் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

மெசின் பற்றி யூரியூப்பில் பார்த்ததை நம்பி இத்தனை நாளை வீணாக்கியது எனக்கு மனவருத்தம். பல் சுத்தம் செய்வதில் பழைய முறை என்பது வளைந்த கூர்க்கருவிகளால் கையால் சுரண்டி எடுப்பது. அல்ட்ராசொனிக் மெசின் 1950களிலேயே பல் வைத்தியத்துக்கு வந்துவிட்டது. அதன் நுனி செக்கனுக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும். அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காரையை உடைக்க அது போதும். சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், சரியாகப் பிடித்த மெசினுக்கு அது உதிராது. துப்பும்போது துண்டு துண்டாக வருவது காரை. வேர்ப்பகுதி மட்டும் எனாமலைவிட மென்மையானது, அங்கே நுனியைச் சாய்த்துப் பிடிக்கும் கைப்பழக்கம் வேண்டும். அதனால்தான் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரிடம் மட்டும் போகச் சொல்கிறோம். கைக்கருவியா, மெசினா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் முரசு ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மெசினில் வேலை கெதியாக முடியும். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம்.

மகள் செய்துகொண்டது காற்றோடும் தண்ணீரோடும் நுண்ணிய பவுடரைப் பீச்சியடிக்கும் முறை. முன்பு அதற்குச் சோடியம் பைகாபனேற் பவுடர்தான். இப்போது கிளைசின், எரித்ரிற்றோல் போன்ற இன்னும் மென்மையான பவுடர்கள் வந்திருக்கின்றன. நல்ல முறை. தேத்தண்ணிக் கறை, வெற்றிலைக் கறை, பல்லில் படியும் மெல்லிய ஊத்தைப் படலம் எல்லாவற்றையும் நோகாமல் எடுக்கும். செயற்கைப் பல் வேர் பொருத்தியவர்களுக்கும் வசதியானது. ஆனால் கல்லாக இறுகிய காரையை அது உடைக்காது. ஒழுங்காகப் பல் வைத்தியரிடம் போய்வருபவர்களின் வாயில் அந்தக் கல் குறைவாகத்தான் இருக்கும், அவர்களுக்குப் பவுடரே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். உங்களுக்கு எப்படியும் முதலில் காரையை உடைத்தாக வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கோப்பாயிலிருந்து கிட்டத்தான் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவில் காசும் இல்லை.

அங்கே போய் எந்த மெசின் என்று விசாரிக்காதீர்கள். ‘முரசுக்குள் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மெதுவாக விட்டு அளப்போம். 3 மில்லிமீற்றர் வரை பரவாயில்லை. 4 அல்லது அதற்கு மேல் இருந்து, இரத்தமும் வந்தால், முரசுக்குக் கீழேயும் சுத்தம் செய்ய வேண்டும். எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதை எக்ஸ்ரே காட்டும். முரசுக்குக் கீழே செய்யும் வேலைக்கு விறைப்பு ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சில தடவைகள் வரச் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் திரும்பவும் அளந்து பார்ப்பார்கள். வெளியில் தெரியும் பல்லை மட்டும் பத்து நிமிடத்தில் பளபளப்பாக்கி அனுப்பிவிட்டால் உங்களுக்குப் போதாது. கண்ணாடியில் பல் வெள்ளையாகத் தெரியும், கீழே எலும்பு போய்க்கொண்டே இருக்கும். எந்தக் கருவியால் செய்தாலும் நான் பயப்படுவது அந்த அரைகுறைச் சுத்தத்துக்குத்தான்.

இனி அமொக்சிசிலினைத் தொடாதீர்கள். கிருமிகள் பிசின்போன்ற படலத்துக்குள்ளும் காரையின் மேலும் ஒளிந்திருக்கின்றன, இரத்தத்தில் போகும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. நாலு நாள் இரத்தம் குறைந்ததும் சுகம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், அந்த இடைவெளியில் நோய் முன்னே போயிருக்கும். இந்த மருந்து உண்மையில் தேவைப்படும் நாளில் கேட்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. முகம் அல்லது கழுத்து வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் மட்டும் பாமசியும் வேண்டாம், பல் கிளினிக் திகதியும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

உமிக்கரியை இன்றோடு நிறுத்துங்கள். மெசின் எனாமலைச் சுரண்டும் என்று பயப்படும் நீங்கள் தினமும் கரியால் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. முரசு இறங்கி வெளியே தெரியும் வேர் இன்னும் சீக்கிரம் தேயும். கரியில் புளோரைட்டும் இல்லை, விரல் பல்லிடுக்குக்குள் போவதும் இல்லை. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொன்னவர்களை நான் குறை சொல்லவில்லை. நன்றாக மென்று நாராக்கிய வேப்பங்குச்சி பல்லின் மேற்பரப்பை ஓரளவு துப்புரவாக்கும். அதுவும் இடுக்குக்குள் போகாது, இறுகிய காரையை எடுக்காது.

உங்கள் அம்மாவுக்கு எல்லாப் பல்லும் இருந்ததில் எனக்கும் சந்தோஷம். அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முரசு நோய் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதும் இல்லை. அதே காலத்து வீட்டுத் திண்ணைகளில் பாக்குரலில் வெற்றிலை இடித்துப் போட்ட ஆச்சிமார் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் பலரும் கரியால்தான் பல் தீட்டியிருப்பார்கள்.

கிணற்றுத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேத்திலில் படிவது தண்ணீரின் சுண்ணாம்பு, பல்லில் இறுகுவது உங்கள் எச்சிலில் இருக்கும் கல்சியம். எச்சில் சுரந்து வரும் வாசல்களுக்குக் கிட்ட, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில், காரை அதிகம் பிடிப்பது அதனால்தான். காரை பிடிக்கும் என்று தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்.

இரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷை விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. இரத்தம் வரும் இடம்தான் துப்புரவாக்க வேண்டிய இடம். மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்து, அதன் நார்களைப் பல்லும் முரசும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம், காலையிலும் படுக்கப் போகுமுன்பும், புளோரைட் பற்பசையோடு தீட்டுங்கள். முதல் சில நாட்கள் இரத்தம் வரும். நிறுத்தாதீர்கள். பல்லிடுக்குக்கென்று விற்கும் சின்னப் பிரஷ்ஷில் உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம், கெடுதல் இல்லை.

போகிற அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, சீனிக் குளிசையும் எடுத்துக்கொண்டு, காலை நேரத்தில் போங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரல், வாஃபரின் போன்ற இரத்தத்தை ஐதாக்கும் மருந்து ஏதும் எடுப்பதானால், அல்லது இதய வால்வு மாற்றியிருந்தாலோ பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, கதிரையில் ஏறுமுன் சொல்லிவிடுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை குளிர்த் தண்ணீருக்குப் பல் கூசலாம். வீங்கியிருந்த முரசு வற்றும்போது பல் நீண்டதுபோலத் தெரியும், முன்பல் இடைவெளியும் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தோன்றும். இதைப் பார்த்துத்தான் பலர் மெசின் பல்லைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டி அடுத்த திகதிக்குப் போகாமல் விடுகிறார்கள். நீங்கள் போங்கள். அந்த இடைவெளியை மூடும் கதையை மூன்று மாதத்துக்குப் பிறகு, அளவெல்லாம் குறைந்து, இரத்தம் நின்ற பிறகு வைத்தியரோடு பேசலாம். நோய் அடங்கிய முரசில் 54 வயதிலும் கம்பி போட்டுப் பல்லை நகர்த்த முடியும். அடங்குமுன் கம்பி போட்டால் மிச்ச எலும்பும் போய்விடும். அதனால் மகள் வந்து அவசரப்படுத்தினாலும் அந்த வேலைக்கு மட்டும் பொறுத்திருங்கள்.