தவழும் குழந்தை, வளர்க்கும் பூனை, வீட்டில் அடிக்கும் பூச்சி மருந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் கரப்பான் பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. ஒன்பது மாதக் குழந்தை தவழ்கிறது; ஒரு பூனையும் வளர்க்கிறோம். மருந்தடிக்க வந்தவர், "வாசனையே இருக்காது, இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தால் போதும்" என்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாசனை இல்லாத மருந்து நஞ்சில்லாத மருந்து ஆகிவிடாது. வீடுகளில் தெளிக்கப்படுபவற்றில் பல, சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. தெளித்த இடத்தில் படிந்து, காய்ந்த பிறகும் பல நாட்கள் பூச்சியைக் கொல்ல வேண்டும் என்பதற்காகவே அவை தயாரிக்கப்படுகின்றன. ஆகவே, இரண்டு மணி நேரத்தில் ஈரம் காயலாம். மருந்து தரையிலேயேதான் இருக்கும். அந்தத் தரையில் பெரியவர்களின் பாதம் மட்டுமே படுகிறது. குழந்தையோ உள்ளங்கையும் முழங்காலும் பட நாள் முழுவதும் தவழ்ந்து, அதே கையை வாயில் வைத்துக்கொள்கிறது. பூனையும் அங்கேயே புரண்டுவிட்டு உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறது. இந்த வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு என்பதால், நாய் தாங்கும் அளவைக்கூடப் பூனையால் தாங்க முடியாது.

உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஜெல் மருந்துதான். கதவுக் கீல் இடுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பக்கம் என்று கரப்பான் ஒளியும் இடங்களில் மட்டும் சிறு சிறு புள்ளிகளாக அதை வைப்பார்கள். குழந்தையின் விரலும் பூனையின் நாக்கும் எட்டாத இடுக்குகளாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கக் கூடாது. ஸ்பிரேயின் நெடி கரப்பானை விரட்டிவிடும், அது ஜெல்லைத் தின்னாது. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு வைக்காமல் இருப்பது ஆகிய இரண்டும் இல்லாவிட்டால் எந்த மருந்தும் நிலைக்காது.

தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். டப்பாவிலுள்ள முக்கோண அடையாளத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. பூச்சி மருந்தடிக்கும் தொழிலுக்கு அரசு உரிமம் தேவை. அதைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம். பெயரைச் சொல்ல மறுப்பவரை உள்ளே விடாதீர்கள். பாத்திரங்கள், பொம்மைகள், பாய் தலையணை எல்லாவற்றையும் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். மீன் தொட்டி இருந்தால் அதை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய நஞ்சு. திரும்பி வந்ததும் சன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, குழந்தை தவழும் தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகே அதைக் கீழே விடுங்கள்.

கேள்வி: பரணில் எலி கேக் வைக்கிறோம். நாய்க்கு எட்டாத உயரம். ஆபத்து உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு. நாய் பரணுக்கு ஏற வேண்டியதில்லை. எலியே கேக் துண்டைக் கவ்விக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டுவிடும். கடைகளில் கிடைக்கும் கேக்குகளில் பெரும்பாலும் புரோமாடியோலோன் இருக்கும். அது இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும். சில நாட்கள் கழித்தே ஈறு, மூக்கு, சிறுநீர் வழியாக இரத்தம் கசியத் தொடங்கும். வைட்டமின் கே1 இதற்கு முறிமருந்து. ஆகவே, நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திராமல், தின்றது தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் காப்பாற்றிவிடலாம். நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்றாலும் பாதிப்பு வரலாம்.

முறிமருந்து இல்லாத இரண்டைப் பற்றித்தான் எனக்குப் பெரும் அச்சம். ஒன்று, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். வயிற்று வலியும் வாந்தியும் அடங்கி, பிழைத்துவிட்டார் என்று வீட்டார் ஆறுதல் அடையும் நேரத்தில் அது ஈரலை அழித்துக்கொண்டிருக்கும். தமிழ்நாடு அரசு இதைத் தடை செய்திருக்கிறது. பழைய குழாய் எதுவும் அலமாரியில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். தானியக் கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்த வேண்டிய அந்த மாத்திரைக்கு, மனிதர் உறங்கும் வீட்டில் இடமே இல்லை.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில், ஏசி போட்டு மூடிய அறையில் உறங்கிய ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்த வேலைதான் அது. எலி மருந்து வைத்த வீட்டில் அன்றிரவு மூடிய அறைக்குள் படுக்க நேரும் என்றால், அந்த மருந்தே வேண்டாம்.

எலிக்கூண்டு போதும். அத்துடன் கழிவுநீர்க் குழாய் நுழையும் இடம், கதவின் அடி இடைவெளி, ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை ஆகியவற்றைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடையுங்கள். அரை அங்குல ஓட்டையே எலி நுழையப் போதுமானது.

கேள்வி: உண்ணிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்து மீதம் இருக்கிறது. பூனைக்குப் பாதி விடலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: விடவே கூடாது. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் அதிகச் செறிவில் இருக்கும். சில சொட்டுகளே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரைப் பறித்துவிடும். மருந்து விட்ட நாயைப் பூனை நக்கினாலும் அருகில் ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான் என்பதால், இரண்டும் சேர்ந்து வளரும் வீட்டில் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குங்கள். தவறுதலாகப் பட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் குளிப்பாட்டித் துடைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பிறக்கப்போகும் பேரனுக்காக எடுத்து வைத்த துணிகளில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: எடுத்துவிடுங்கள், அம்மா. அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை வரவழைக்கும். குறைபாடு இருப்பது பிறந்தவுடன் வெளியே தெரியாது. துணிகளைத் துவைத்து, வாசனை முற்றிலும் போகும்வரை வெயிலில் போடுங்கள்.

கேள்வி: குழந்தை பூச்சி மருந்தை வாயில் வைத்துவிட்டால் முதலில் என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய், முட்டை எதையும் புகட்டாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் போன்ற நஞ்சை, கொழுப்பு இன்னும் வேகமாக உடலில் ஏற்றிவிடும். வாயில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உடம்பில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். 108க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்தின் டப்பாவையோ கிழிந்த உறையையோ மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்பது தெரிந்தால்தான் மருத்துவர் உரிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க முடியும்.