முகநூலில் "ஏழு நாளில் முடி வளரும்" என்று விளம்பரம் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் பேச்சு எதுவும் பொய் விளம்பரம்தான். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 30 ஆம் பிரிவில் வியாபாரிகளுக்கு இதைத் தடை செய்கிறது. காரணம் எளிது: ஒன்லைனில் வாங்குபவரால் பொருளைத் தொட்டோ மணந்தோ பார்க்க முடியாது, உங்கள் சொல்லை நம்பித்தான் காசு அனுப்புகிறார். புறக்கோட்டைக் கடையில் தராசை விரலால் அழுத்துவதும், வெள்ளவத்தை வீட்டில் காய்ச்சிய எண்ணெய்க்கு நிரூபிக்க முடியாத வாக்குக் கொடுப்பதும் ஒன்றுதான். (நோய் தீரும் என்ற வாக்குத்தான் எனக்குப் பெரிய பயம், நம்பி மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.)

"ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவின்படி, வாங்குபவர் ஏமாறக்கூடிய விதத்தில் நடந்துகொண்டாலே தவறு.