இக்னைட்டர் உள்ளேயே இருக்கும் காயிலை வெளியில் வாங்கிய ஈசியுவுடன் எப்படி இணைப்பது? காயில் ஏன் சூடாகிறது?

கேள்வி கேட்ட தம்பி, டொயோட்டா டாஸ் காரில் 20 வால்வு 4ஏஜிஇ எஞ்சினை இறக்கியிருக்கிறார். ஒரே காயிலும் (ப்ளக்கில் ஸ்பார்க் அடிக்க உயர் வோல்ட்டேஜ் தருவது), அதை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் வேண்டாம் என்று, ரன்எக்ஸ் காரின் நான்கு காயில்களை ஸ்க்ராப்யார்டில் எடுத்து, தனியாக வாங்கிய ஈசியுவுடன் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) இணைத்திருக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆகும் முன்பே காயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, ஒன்று போயே விட்டது. வயரிங்கில் எங்கே தப்பு என்கிறார்.

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். எனக்கும் இரண்டு காயில் இப்படிப் போயிருக்கிறது. தம்பி, வயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஈசியுவின் செட்டிங்கைப் பாருங்கள்.

இரண்டு பின் இருக்கும் பழைய காயிலுக்குள் வெறும் சுற்றுக் கம்பிதான். கரண்டை விட்டு அறுக்கும் வேலையை வெளியே இருக்கும் இக்னைட்டர் செய்யும். ரன்எக்ஸ் காயிலில் அந்த இக்னைட்டர் காயிலின் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஈசியு கொடுக்க வேண்டியது ஒரு 5 வோல்ட் சிக்னல் மட்டும். சிக்னல் ஏறினால் காயில் சார்ஜ் ஆகத் தொடங்கும். இறங்கும் அந்தக் கணத்தில் ஸ்பார்க் அடிக்கும். இது ஈசியுவில் தலைகீழாக இருந்தால், 3 மில்லி செகண்ட் போல சார்ஜ் ஆக வேண்டிய காயில் அந்த நேரம் மட்டும் ஓய்வெடுத்து, மிச்ச நேரமெல்லாம் கரண்டை இழுக்கும். எஞ்சின் சுற்றாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தாலும் இழுக்கும். உங்கள் காயில் சுடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மெனுவில் இருக்கும் 'ஃபாலிங்', 'ரைசிங்', 'இன்வர்ட்டட்' என்ற பெயர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஈசியுவில் ஒரு பொருள், இன்னொன்றில் வேறு பொருள். நான்கு காயில் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்து, சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். எஞ்சின் நிற்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். 5 வோல்ட் நின்றால் காயிலை மாட்டவே மாட்டாதீர்கள்.

சில ஈசியுக்களின் அவுட்புட் எர்த்துக்கு இழுக்க மட்டும்தான் செய்யும், தானாக 5 வோல்ட் தராது. அதற்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டிலிருந்து சிக்னல் வயருக்குப் போட வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து போடக் கூடாது. இந்த முறையில் ஈசியு விழித்துக்கொள்ளும் முன்பே சிக்னல் ஏறி நிற்கும் ஆபத்து உண்டு. அதனால் காயிலுக்கான 12 வோல்ட்டை ஈசியு இயக்கும் ரிலே வழியாக, 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். ரிலே இல்லாமல் நேராகச் சாவியிலிருந்து எடுத்த வேலைகளை நான் பலமுறை பிரித்துத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

நான்கு பின்னும் வரிசையாக இப்படி: 12 வோல்ட், ஐஜிஎஃப், ஐஜிடி, எர்த். ஐஜிடிதான் நாம் பேசிய சிக்னல். ஐஜிஎஃப் என்பது 'ஸ்பார்க் அடித்துவிட்டேன்' என்று டொயோட்டா ஈசியுவுக்குத் திரும்பிப் போகும் தகவல். நமக்குத் தேவையில்லை, முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். ஸ்க்ராப்யார்டில் சாக்கெட்டை ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்திருந்தால் வேலை சுலபம். வெள்ளையில் கறுப்புக் கோடு எர்த். நான்கு சாக்கெட்டிலும் ஒன்றுக்கொன்று நிறம் மாறும் வயர் எதுவோ அது ஐஜிடி.

எர்த் விஷயத்தில்தான் நம் ஊரில் கவனம் வேண்டும். கடல் காற்றின் உப்பு எல்லாவற்றையும் தின்கிறது. கடலோர ஊரான அமன்சிம்டோட்டியிலிருந்து வந்த ஒரு வண்டி 5000 ஆர்பிஎம் தாண்டினால் வெட்டி வெட்டி இழுத்தது. காயில், ப்ளக் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வளையத்தின் அடியில் பச்சைப் பொடி, அதற்கும் கீழே சுரண்டாத பெயின்ட். காயில்களின் எர்த்தை சிலிண்டர் ஹெட்டில், பளபளக்கத் தேய்த்த இடத்தில் இறுக்கிக் கிரீஸ் தடவுங்கள். சென்சார் எர்த்தை அதோடு சேர்க்கவே கூடாது.

டுவெல்லை, அதாவது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் காயில் சார்ஜ் ஆகும் நேரத்தை, 14 வோல்ட்டில் 2.5 மில்லி செகண்டில் தொடங்குங்கள். கிராங்க் செய்யும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கும், அங்கே 4 வரை தேவைப்படும். எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும் கேம் ஷாஃப்ட் சென்சாரின் சிக்னல் இல்லையென்றால் 1-4, 2-3 என்று ஜோடியாகத்தான் அடிக்க முடியும், ஓட அது போதும். இன்னொன்று: சில ஈசியுக்களில் இரண்டாம் அவுட்புட் என்றால் இரண்டாவது சிலிண்டர் அல்ல, வரிசையில் இரண்டாவதாக அடிப்பது. ஸ்பார்க் அடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் அது மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டும்.

இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு காயிலிலும் ப்ளக் மாட்டி, அதன் உடம்பு ஹெட்டைத் தொடும்படி வைத்து ஈசியுவின் டெஸ்ட் மோடில் அடித்துப் பாருங்கள். அதற்கு முன், சாவி ஆனில் சிக்னல் வயரில் எத்தனை வோல்ட் என்று இங்கே எழுதுங்கள் தம்பி. மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.