கல்லாப்பெட்டியிலிருந்து பதில்கள்: கிழிந்த நோட்டு

வாசகி, பெகு: வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் பிச்சை போட்டால் என் கணவர் முகம் சுளிக்கிறார். "நீதான் அவர்களைச் சோம்பேறிகளாக்குகிறாய்" என்கிறார். உள்ளே போனதும் உண்டியலில் ஐயாயிரம் சாட் (பர்மாப் பணம்) போடுகிறவரும் அவரேதான். யார் சொல்வது சரி?

உண்டியலில் போட்ட பணத்துக்கு அவர் என்றைக்காவது கணக்குக் கேட்டதுண்டா, தங்கச்சி?

என் பலசரக்குக் கடை ரங்கூன் அனோரத்தா சாலையில், 1871-இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பாட்டி வருவார். தமிழில் தொடங்கி பர்மிய மொழியில் முடிக்கிற பேச்சு. சுருக்குப் பையை அவிழ்த்து, ஐம்பது, நூறு, இருநூறு என்று தனித்தனியாக நீவி அடுக்கிய நோட்டுகளை ரப்பர் வளையத்தோடு என் முன்னால் வைப்பார். நான் எண்ணி, ஆயிரம் சாட் தாள்களாகத் திருப்பிக் கொடுப்பேன். இந்த நாட்டில் நாணயம் புழக்கத்தில் இல்லை, சிறு நோட்டுக்கும் பஞ்சம். மீதி கொடுக்க வழியில்லாமல் வாடிக்கையாளர் கையில் மிட்டாயையும் டிஷ்யூ பொட்டலத்தையும் திணித்து நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. சில்லறைக்காகப் பாட்டியிடம் நான்தான் கையேந்துகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

அவர் சோம்பேறியா? காலை ஆறு மணிக்குக் கோயில் வாசல், வெயில் ஏறினால் சூலே பகோடா பக்கம். சித்திரை வெயிலில் தார்ச்சாலை ஓரமாக ஏழு மணி நேரம் உங்கள் கணவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிச்சை கேட்டு வந்த வாலிபன் ஒருவனை அரிசி மூட்டை தூக்க வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் ஒழுங்காக வேலை செய்தான். மூன்றாம் நாள் என் தராசையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் செய்ததற்குப் பாட்டியின் தட்டில் கைவைப்பது எந்த ஊர் நியாயம்?

வாசகர், மோல்மின்: கடையில் வாங்காத கிழிந்த நோட்டைப் பிச்சையாகப் போடலாமா?

கூடாது, அண்ணா. நடுவில் ஒட்டுநாடா போட்டது, எண் இருந்த மூலையே இல்லாதது என்று பாட்டியின் நோட்டுக்கட்டுக்குள் தினம் நாலைந்தாவது இருக்கும். நான் பார்ப்பதற்கு முன்பே அவற்றைத் தனியாக உருவி, "இது உனக்கு ஆகாது" என்று மீண்டும் பைக்குள் செருகிக்கொள்வார். எனக்கு நட்டம் வரக்கூடாதாம். அதைப் போட்டவர் இந்நேரம் தன் புண்ணியக் கணக்கில் இருநூறு சாட் வரவு எழுதியிருப்பார்.

மாணவர், தாட்டோன்: உலகிலேயே அதிகம் கொடுப்பவர்கள் பர்மா மக்கள் என்று படித்தேன். பிறகு ஏன் இத்தனை பிச்சைக்காரர்கள்?

படித்தது சரிதான், தம்பி. பிரிட்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை வெளியிட்ட உலக ஈகைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை பர்மாவுக்கே முதலிடம். 2014-இல் மட்டும் அமெரிக்காவும் கூடவே நின்றது. பணம் கொடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். ஆனால் இங்கே ஈகையில் பெரும்பங்கு மடத்துக்கும் பகோடாவுக்கும் போகிறது. அதிகாலையில் பாத்திரம் ஏந்தி வரும் பிக்குவுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறு இடுகிறார்கள். இட ஒன்றுமில்லாதபோதும் கைகூப்பி, "கடோ சூன்" என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். என் ஆத்தாவும் வாசலில் வந்து நின்றவரிடம் "கை வேலையாக இருக்கிறது, போய் வா" என்பாள். இப்போது நம் வீடுகளில் ஈ ஓட்டுவது போல ஒரு கையசைப்போடு சரி.

பிச்சைக்காரர்கள் பெருகியதற்குக் காரணம் என் கல்லாவுக்குத் தெரியும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,330 சாட்டாக இருந்தது. 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. மூட்டைக் கணக்கில் அரிசி வாங்கிய வீடுகள் இன்று படிக்கணக்கில் வாங்குகின்றன. ஒரு படி அரிசிக்கும் வழியில்லாதவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வாசகர், ரங்கூன்: மாலை நான்கு மணிக்குத் துறவி உடையில் ஒருவர் டீக்கடையில் மேசை மேசையாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பிக்குகள் நண்பகலுக்குமேல் உண்பதில்லை. பணத்தைத் தொடுவதையும் பிக்குகளுக்கான விநய ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

வாசகி, ரங்கூன்: நடைமேம்பாலத்தில் பிள்ளைகள் சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள். மனம் கேட்கவில்லை.

பணம் மட்டும் கொடுக்காதீர்கள், அம்மா. பாலத்தின் கீழ்ப்படியில் நின்ற ஓர் ஆள் மூன்று பிள்ளைகளிடம் வசூலை எண்ணி வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, கேட்கிற பிள்ளையை மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கடைக்கு அழைத்துப்போய் அங்கேயே சாப்பிட வைத்துவிடுவேன். போன வாரம் அப்படி உட்கார்ந்த ஒரு பயல், பருப்பு வடை நொறுக்கிப் போடவில்லை என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டான். கடைக்காரி என்னைப் பார்த்தாள். போடச் சொன்னேன்.