கடைசி ரேஸில் ஜெயித்த குதிரை

குதிரைப் பந்தயம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கே: அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் கிளாசிக் நெருங்கும்போது, செப்டம்பரில் பெரிய ரேஸ் ஜெயித்த குதிரைகளைத்தான் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். 2019-ல் அப்படிப் பேசப்பட்ட கோட் ஆஃப் ஹானர் ஏழாவதாக வந்தது. பிறகு முந்தைய வெற்றிக்கு என்னதான் மதிப்பு?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

ப: நீங்கள் 2019-ஐக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. அந்த வருடத்து ரேஸ்களை நான் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

என் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக இருந்தவர். ரேஸ் முடிந்து திரும்பும் குதிரையைப் பிடித்து நடக்கவிட்டு, வியர்வை ஆறவைத்துத் தண்ணீர் காட்டுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்ததும் நான் "எது ஜெயிச்சுதுப்பா?" என்று கேட்பேன். சில நாள் அவர், "நம்ம குதிரைதான் ஜெயிச்சுது, ஆனா காலியாயிடுச்சு. மூச்சு அடங்கவே அரை மணி ஆச்சு. அடுத்த ரேஸ்ல பாரு" என்பார். அடுத்த ரேஸில் பெரும்பாலும் அது பின்னால்தான் வரும். ஒரு வெற்றியை எடைபோட அவரிடம்தான் கற்றேன்.

பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்பது மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகள் மண் தளத்தில் 10 ஃபர்லாங், அதாவது சுமார் 2,000 மீட்டர் ஓடும் ரேஸ். மைதானம் எல்லா வருடமும் ஒன்றாக இருக்காது. 2019-ல் கலிஃபோர்னியாவின் சான்டா அனிடாவில் நடந்தது. அதற்கு முன் ஜெயித்து வந்தவர்களைப் பாருங்கள். விட்னி என்ற ரேஸில் மெக்கின்ஸி. பசிஃபிக் கிளாசிக்கில் ஐந்தேகால் லெங்த்தில் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) ஹையர் பவர். ஆசம் அகெய்ன் ரேஸில், யாரும் எதிர்பாராமல், மங்கோலியன் க்ரூம். நியூயார்க் பெல்மான்ட்டில் ஜாக்கி கிளப் கோல்டு கப்பை வாங்கியது நீங்கள் சொன்ன கோட் ஆஃப் ஹானர்.

இந்தக் கடைசி வெற்றியைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அன்று முதலில் கோட்டைத் தொட்டது வினோ ரோஸோ. கடைசி நேர்ப்பாதையில் கோட் ஆஃப் ஹானரை இடித்ததற்காக நடுவர்கள் அதை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். தீர்ப்பைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டியலில் 'ஜெயித்தது' என்று ஒரு பெயரும், கோட்டை முதலில் தொட்டது வேறொரு குதிரையுமாக இருந்தால், பட்டியலை மட்டும் படிப்பவருக்கு என்ன தெரியும்?

அடுத்தது மைதானம். பெல்மான்ட் ஒரு சுற்று ஒன்றரை மைல், வளைவுகள் அகலமானவை. சான்டா அனிடா ஒரு சுற்று ஒரு மைல்தான். அங்கே வளைவுக்குள் வேகம் குறையாமல் திரும்பத் தெரிய வேண்டும். தூரமும் முக்கியம். விட்னியும் ஆசம் அகெய்னும் 9 ஃபர்லாங் ரேஸ்கள். பத்தாவது ஃபர்லாங்கில்தான் பல நல்ல குதிரைகளுக்குக் கால் கனக்கும்.

இப்போது என் நோட்டின் முன்பக்கங்களுக்கு வாருங்கள். ஏப்ரலில் இதே சான்டா அனிடாவில், இதே 10 ஃபர்லாங்கில், சான்டா அனிடா ஹேண்டிகேப் நடந்தது. மெக்கின்ஸியை ஒரு மூக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது கிஃப்ட் பாக்ஸ் என்ற குதிரை. மே மாதம் அதே மைதானம், அதே தூரம், கோல்டு கப் (பெல்மான்ட்டில் நடந்தது அல்ல, இது வேறு கோல்டு கப்). அந்த கிஃப்ட் பாக்ஸை வினோ ரோஸோ வந்து ஜெயித்தது. ஆக, மெக்கின்ஸியை வென்ற குதிரையை வென்ற குதிரை எது என்பது ஐந்து மாதம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. நவம்பரில் கிளாசிக்கில் ஃபேவரிட்டாக, அதாவது அதிகம் பேர் பணம் கட்டிய குதிரையாக ஓடியது மெக்கின்ஸி. ஜெயித்தது வினோ ரோஸோ, நாலேகால் லெங்த்தில். மெக்கின்ஸி இரண்டாவது, ஹையர் பவர் மூன்றாவது.

எனவே சமீபத்திய வெற்றியைப் படியுங்கள். அதோடு நிறுத்தாமல், வரப்போகும் மைதானத்தில், வரப்போகும் தூரத்தில் அந்தக் குதிரை என்ன செய்தது என்று பின்னோக்கித் தேடுங்கள். 2010-லும் இதே கதைதான். ப்ளேம் என்ற குதிரை அதற்கு முந்தைய ரேஸில் ஹேன்ஸ்ஃபீல்ட் என்ற குதிரையிடம் தோற்றுவிட்டுத்தான் கிளாசிக்குக்கு வந்தது. ஆனால் கிளாசிக் நடந்த சர்ச்சில் டவுன்ஸில் அது ஏற்கெனவே கிளார்க், ஸ்டீஃபன் ஃபாஸ்டர் என்று இரண்டு பெரிய ரேஸ்களை ஜெயித்திருந்தது. 19 ரேஸ் ஓடி 19-லும் ஜெயித்து வந்த ஜென்யாட்டாவை அன்று ஒரு தலை வித்தியாசத்தில் தடுத்தது ப்ளேம்தான். எனக்கு ஜென்யாட்டா மேல் உயிர். அந்தப் பெண் குதிரை கடைசியிலிருந்து கிளம்பி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் ப்ளேமின் கணக்கு சரியான கணக்கு.

கே: எத்தனை லெங்த்தில் ஜெயித்தது என்பதைப் பார்த்தால் போதாதா?
- கல்லூரி மாணவி, மதுரை

ப: பின்னால் வந்தது யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2022 பசிஃபிக் கிளாசிக்கில் ஃப்ளைட்லைன் 19¼ லெங்த்தில் ஜெயித்தது. சாதாரணக் குதிரைகளை அப்படி ஜெயித்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். இரண்டாவதாக வந்த கன்ட்ரி கிராமர் அதே வருடம் மார்ச்சில் துபாய் உலகக் கோப்பையை ஜெயித்த குதிரை! அதுமட்டுமல்ல, கடைசிப் பகுதியில் ஜாக்கி ஃப்ளாவியன் ப்ரா குதிரையை விரட்டவே இல்லை, தானாக ஓடவிட்டார். அப்படியும் நேரம் 1 நிமிடம் 59.28 நொடி, அந்த மைதானச் சாதனையை நெருங்கிவிட்டது. ஜெயித்த பிறகும் மிச்சம் வைத்திருந்த குதிரை அது. அப்பா இருந்திருந்தால் "காலியாகல" என்றிருப்பார். அடுத்து கிளாசிக்கையும் 8¼ லெங்த்தில் வாங்கியது.

கே: நேரத்தை மட்டும் ஒப்பிட்டால்?
- ஒரு வாசகர், சேலம்

ப: மண் இன்று வேகமாக இருக்கும், நாளை மழை பெய்தால் மாறிவிடும். அன்றைய மண்ணுக்கு ஏற்றபடி நேரத்தைத் திருத்திக் கணக்கிட்ட எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஆண்ட்ரூ பையர் உருவாக்கிய எண்கள் அதற்குத்தான்.

கே: பணம் கட்ட ஒரே ஒரு குதிரையின் பெயர் சொல்லுங்கள்.
- பெயர் தவிர்க்கக் கேட்டவர், சென்னை

ப: சொல்லமாட்டேன். 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்தது என்று சொன்னது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் அப்பாவோடு வேலை செய்தவர்கள் சம்பளத்தன்றே வெறுங்கையோடு வீடு திரும்பியதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கே: மங்கோலியன் க்ரூம் என்ன ஆனது?
- பள்ளி ஆசிரியை, திருச்சி

ப: கேட்டதற்கு நன்றி டீச்சர். மெக்கின்ஸியை ஆசம் அகெய்னில் ஜெயித்து ஐந்து வாரம் கழித்து, கிளாசிக்கின் கடைசி நேர்ப்பாதையில் அதன் பின்னங்கால் முறிந்தது. கருணைக்கொலை செய்தார்கள். 2018 டிசம்பர் கடைசியிலிருந்து அதுவரை சான்டா அனிடாவில் இறந்த குதிரைகள் 30-க்கும் மேல். அந்தக் குதிரையை ஓடவிடாமல் முன்பே நிறுத்தியிருக்க வாய்ப்பு இருந்தது என்று பின்னால் வந்த ஆய்வறிக்கை சொன்னது.

நமக்கு அது நவம்பர் 3, ஞாயிறு விடிகாலை. திரையில் அது தடுமாறியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். வினோ ரோஸோ ஜெயித்ததை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். தினமும் விடியுமுன் அப்பா குளம்புக்கு மேலே உள்ள மூட்டில் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு காலில் சூடு தெரிந்தாலும், முந்தின வாரம் கப் ஜெயித்த குதிரையாகவே இருந்தாலும், ட்ரெயினரை எழுப்பிச் சொல்லிவிடுவார். இப்போது ஒரு குதிரையை எடைபோடும்போது, அது பேடக்கில், அதாவது ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில், நடந்து வரும் காட்சியை நான்கு முறையாவது ஓட்டிப் பார்க்கிறேன். முதலில் பின்னங்கால்களை.